இலங்கை மாவட்டப் படப்புதிர்: வாங்கலாம், ஆனால் வாவியை நீங்கள்தான் வரைய வேண்டும்

"டீச்சர், சுற்றாடல் பாடத்துக்கு வீட்டில வைச்சுப் படிக்க என்ன வாங்கிக் குடுக்கலாம்?" வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஆளாளுக்குக் குரல்பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். எல்லோருக்குமாக இதை எழுதி வைக்கிறேன். அவசரக்காரர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: பலகையில் செய்த இலங்கை மாவட்டப் படப்புதிரை வாங்குங்கள். உலக உருண்டைக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். படப்புதிரையும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிள்ளையிடம் நீட்டிவிடாதீர்கள். அதில் பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு வீடு ஆரையம்பதி. படிப்பிப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம். 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் மோட்டார் சைக்கிளைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்த ஆசிரியர்கள் எங்கள் பாடசாலையில் இன்னும் இருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் நாலாம், ஐந்தாம் தரப் பிள்ளைகள் என் பொறுப்பு. புவியியல் என்று தனிப் புத்தகம் அவர்கள் கையில் கிடைப்பது ஆறாம் தரத்துக்குப் போன பிறகுதான். அதுவரைக்கும் திசை, மாவட்டம், ஆறு, மலை, மழை எல்லாம் சுற்றாடல் பாடத்துக்குள்ளேயே வந்து போய்விடும். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வேறு கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 25 மாவட்டத்தையும் பாட்டுப் போலப் பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளையிடம் "பொலன்னறுவை எங்கட மாவட்டத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும்.

வாங்கியது காத்தான்குடிப் பிரதான வீதியில் உள்ள ஒரு புத்தகக் கடையில். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் எடுத்து விரித்தது சுவர்ப் படம். லமினேற் பண்ணினது, 650 ரூபா. பார்த்தால் வடக்கும் கிழக்கும் ஒரே நிறத்தில், ஒரே மாகாணமாகக் கிடக்கின்றன.

"காக்கா, இது பழைய படமெல்லோ?"

"நாடு அதே இடத்திலதானே டீச்சர் கிடக்கு!"

சிரிப்பு வந்தது. ஆனாலும் வாங்கவில்லை. 2007 தொடக்கம் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். பரீட்சையில் மாகாணம் எத்தனை என்று கேட்டால் பிள்ளை 9 என்று எழுத வேண்டும். சுவரில் தொங்குவதை எண்ணி 8 என்று எழுதிவிட்டு வந்தால் யாரைப் பிழை சொல்வது? பழைய இருப்பைப் பிடிக்கச் சுலபமான வழி ஒன்று, கிளிநொச்சியைத் தேடுவது. யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்து 25ஆவது மாவட்டமாக்கியது 1984இல். அது இல்லாத படம் உங்கள் வயதுக்காரராக இருக்கக்கூடும். உலக உருண்டை என்றால் ஆபிரிக்காவில் தென் சூடான் இருக்கிறதா என்று பாருங்கள். அது 2011இல் பிறந்த நாடு.

உலக உருண்டையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் படப்புதிருக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் ஒன்று இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் அதே கடையில் 3,400 ரூபாவுக்கு வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்தது. குறுக்களவு 20 சென்ரிமீற்றர். பிளாஸ்ரிக் அரைக் கோளங்கள் இரண்டை மத்திய கோட்டில் ஒட்டி, ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு பட்டி போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டிக்குள் மாலைதீவின் தென்பாதி காணாமல் போய்விட்டது. நம் நாடு ஒரு சென்ரிமீற்றர் மேலே இருப்பதால் தப்பியது. தப்பி என்ன, இந்த அளவு உருண்டையில் இலங்கையின் நீளம் 7 மில்லிமீற்றர் கூட வராது. ஒரு நெல்மணி. "இதுக்குள்ள எங்கட பள்ளிக்கூடம் எங்க டீச்சர்?" என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது? தன் ஊர் எங்கே இருக்கிறதென்றே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு முழுப் பூமியையும் கையில் கொடுத்தால் அது சுற்றி விளையாடும். வேகமாகச் சுற்றும். மறுகா தண்டு உடையும். எங்களுடையது முதல் தவணையிலேயே ஆடத் தொடங்கிவிட்டது.

ஆனால் பாடசாலைக்கு ஒன்று இருப்பது நல்லதுதான். கதவைச் சாத்திவிட்டுப் போன் டோர்ச்சை அடித்து உருண்டையை மெதுவாகத் திருப்பினால் இரவு பகல் அவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. கொழும்பைவிட மட்டக்களப்பில் 7, 8 நிமிடம் முந்திச் சூரியன் உதிக்கும் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். சொன்ன அன்று வகுப்பே பெருமையோடு வீட்டுக்குப் போனது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பிள்ளையின் தாய் குவைத்தில் வேலை செய்கிறா. படுவான்கரையில் இப்படி எத்தனையோ வீடு. இடைவேளையில் அவள் தனியாக வந்து குவைத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அளவுகோல் உருண்டையில் படியாதே, தையல் நூலை எடுத்து இங்கிருந்து அங்கே பிடித்து, அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர். நூலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப அம்மா பத்து இலங்கைக்கு அங்கால இருக்கிறா" என்றாள். சரியான கணக்கு. ஏறக்குறைய 4,300 கிலோமீற்றர்.

அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் உருண்டை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தேவைப்பட்ட பிள்ளை வகுப்புக்கு வந்து பார்க்கட்டும்.

சரி, படப்புதிர். விலை 2,850 ரூபா, எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. உள்நாட்டுத் தயாரிப்பு. எம்.டி.எஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) கடல் நீல நிறத்தில் ஒரு தட்டு, அதற்குள் 25 மாவட்டத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பிடித்துத் தூக்க ஒரு மரக் குமிழ். துண்டுகளின் தடிப்பு 3 மில்லிமீற்றர். பெயர்கள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை, ஒரு மாகாணத்து மாவட்டங்களுக்கு ஒரே நிறக் குடும்பம் கொடுத்திருக்கிறார்கள். யாரோ யோசித்துச் செய்த வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் அளவு. செய்தவர்கள் தெரிந்து செய்தார்களோ, தற்செயலோ, பருத்தித்துறை முனையில் அளவுகோலை வைத்துத் தெய்வேந்திரமுனை வரைக்கும் அளந்தால் 43 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வருகிறது. உண்மைத் தூரம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர். அதாவது பலகையில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் பத்துக் கிலோமீற்றர். நாலாம் தரப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான கணக்கு எங்கே கிடைக்கும்? பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அளவுத்திட்டத்தைப் பெட்டியின் மூலையில் அச்சடித்திருந்தால் இந்தப் பொருளின் மதிப்பே கூடியிருக்கும்.

இனி குறைகள். முதலாவது, மன்னிக்கவே முடியாதது: மாத்தளைத் துண்டில் தமிழில் "மாத்தறை" என்று அச்சடித்திருக்கிறார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கிறது. தமிழில் மட்டும் நாட்டின் நடுவில் ஒரு மாத்தறை, தெற்கே கடற்கரையில் இன்னொரு மாத்தறை. சும்மாவே இந்த இரண்டையும் மாறி மாறி எழுதுகிற பிள்ளைகள். திருகோணமலைக்கும் இரண்டு சுழி "ன" போட்டிருக்கிறார்கள். ஒரு தமிழ் ஆளிடம் ஒருதரம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். காக்கா இன்னொரு பெட்டியை உடைத்துப் பார்த்தார், அதிலும் அதே பிழை. "அச்சிலேயே பிழை டீச்சர், நான் என்ன செய்ய" என்று 300 ரூபாவைத் திருப்பித் தந்தார். கேட்காமலே தந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை ஸ்ரிக்கரில் சரியான பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். நீங்களும் பிள்ளை பார்ப்பதற்கு முன்னே ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது குறையை மாரி வந்த பிறகுதான் கண்டேன். துண்டுகளின் முகத்தில் பூச்சு இருக்கிறது, வெட்டிய விளிம்பில் இல்லை. கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கத்து ஈரத்துக்கு விளிம்பு ஊதிவிட்டது. சுற்றிவர அயல் மாவட்டங்கள் நெருக்குகிற குருநாகல் துண்டு இறுகிப்போய் அசையவே இல்லை. பலம் உள்ள ஒருவன் இழுத்தான், குமிழ் மட்டும் கையோடு வந்தது. வாங்கிய உடனேயே விளிம்பைச் சேண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்து ஒரு கை வார்னிஷ் பூசிவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. 

யாழ்ப்பாணத்துத் தீவுகளைத் துண்டில் சேர்க்காமல் அடித்தட்டில் வெறும் நிறமாகத் தீட்டியிருப்பதையும் குறையாகச் சொல்லலாம். நெடுந்தீவு யாருடையது என்று தெரியாமல் கடலில் கிடக்கிறது. ஆனால் அத்தனை சின்னத் துண்டு வெட்டியிருந்தால் அரை நாளில் தொலைந்திருக்கும். விட்டுவிடலாம்.

எனக்கு உண்மையில் மனத்தாங்கல் மட்டக்களப்புத் துண்டோடுதான். ஒரு கட்டி நிலமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வாவி இல்லை. ஒரு கோடு கூட இல்லை. வாவி இல்லாத மட்டக்களப்பை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? முதல் நாள் அந்தத் துண்டைக் கையில் எடுத்த பிள்ளை ஒன்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க டீச்சர்?" என்று கேட்டது. பாலத்தால் கடந்து பட்டணம் போகிற பிள்ளை. தகப்பன் வலை போடுகிறார். இந்தக் கேள்வி அதற்கு வராமல் யாருக்கு வரும்?

அன்று பின்னேரம் போனில் கூகுள் வரைபடத்தின் செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நீல நிற அழியாத மார்க்கரால் வாவியை வரைந்தேன். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கி, புளியந்தீவைச் சுற்றி, தெற்கே கல்முனைப் பக்கம் வரைக்கும். நீளம் 50 கிலோமீற்றருக்கு மேல், எனவே பலகையில் ஐந்து சென்ரிமீற்றர் தாண்டுகிறது. துண்டு போதாமல் வாவி அம்பாறைத் துண்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்குகிறது. எழுவான்கரை முழுவதும் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு மெல்லிய கீற்றாகிவிட்டது. என் வீடும் காத்தான்குடிக் கடையும் களுவாஞ்சிக்குடிச் சந்தையும் எல்லாம் அந்தக் கீற்றுக்குள்ளேதான். பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கு ஒரு சின்ன வாய் திறந்துவிட்டேன், தெற்கே கல்லாற்றில் இன்னொன்று. கையோடு கையாக உன்னிச்சைக் குளத்துக்கு ஒரு புள்ளி, அம்பாறைத் துண்டில் சேனாநாயக்க சமுத்திரத்துக்கு ஒரு பெரிய பொட்டு.

அடுத்த நாள் துண்டை எடுத்தவுடன் கதை தானாக வந்தது. "வெள்ளம் வந்தா முகத்துவாரம் வெட்டுறதே, இதுவா டீச்சர்?" இதுதான். "வெட்டாட்டி?" விரலால் வாவிக் கரையோரம் கோடு போட்டுக் காட்டினேன். தண்ணீர் போக வழியில்லாமல் எந்த ஊர்களின் வயலுக்குள் ஏறும் என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எனக்குத் தெரியாத இரண்டு இடங்களையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். படப்புதிரைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மேசையிலும் கண்டபடி வைக்காதீர்கள். நிலத்தில் போட்டு, உண்மையான வடக்குக்கு நேராகத் திருப்பி வையுங்கள். சுவர்ப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் வடக்கு எது என்று கேட்டால் கூரையைக் காட்டும். எங்கள் வகுப்பில் காலை வெயில் எந்த யன்னலால் வருகிறதோ அந்தப் பக்கம் திருகோணமலை தொடக்கம் அம்பாறை வரையான கரை இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்தவுடன் பிள்ளைகளே பலகையைக் கிறுக்கி, அதாவது திருப்பி, வைத்துவிடுவார்கள்.

இப்படி வைத்த பிறகு வந்த சண்டை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வாவி எந்தத் திசையில் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் கிழக்கு என்றது. பாடசாலைக்குக் கிழக்கேதான் வாவி, சரி. அன்று என் தம்பியின் மகனும் வந்திருந்தான், ஆரையம்பதிப் பாடசாலையில் நாலாம் தரம். அவன் அடித்துச் சொன்னான், மேற்கு என்று. "உங்கட ஊர்ல சூரியன் கிறுகி உதிக்குதாடா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். இருவரையும் பலகைக்கு அருகில் இருத்தி, நீலக் கோட்டின் இந்தக் கரையில் ஒரு விரலும் அந்தக் கரையில் ஒரு விரலுமாக வைக்கச் சொன்னேன். இரண்டு விரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. வாய்ச்சண்டை அதோடு நின்றது. ஒரு இடம் எந்தத் திசையில் என்பது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று நான் வாயால் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! இதை நடத்தியது கடைக்காரர் விற்ற துண்டில்லை, அதன் மேல் நான் போட்ட மார்க்கர் கோடு என்பதையும் கவனியுங்கள்.

வெறுமனே துண்டுகளைப் பொருத்துவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடித்தட்டில் ஒவ்வொரு மாவட்டத்தின் எல்லைக் கோடும் வெட்டிய தடமாகவே இருக்கிறது. மூன்றாம் தரத்துக்கு அது உதவி. ஐந்தாம் தரப் பிள்ளை பெயரை வாசிக்காமலே வடிவத்தைப் பார்த்து மடமடவென்று போட்டு முடித்துவிடும். அப்படி முழுவதையும் போட்டு முடித்து நிமிர்ந்த ஒருவனிடம் புத்தளத்தைக் காட்டச் சொன்னால் தடவுகிறான். அதனால் ஐந்தாம் தரத்துக்கு நான் அடித்தட்டைக் கொடுப்பதே இல்லை. துண்டுகளைக் கலைத்து ஆளுக்கொன்று கொடுத்து, "உன்ர அயல் வீட்டுக்காரரைக் கண்டுபிடி" என்று விடுவேன். மட்டக்களப்பு வைத்திருப்பவர் திருகோணமலையையும் பொலன்னறுவையையும் அம்பாறையையும் தேடிப் பிடிக்க வேண்டும். அது கெதியாக முடியும். குருநாகல் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். வகுப்பறை சந்தையாகிவிடும், பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்ப்பா, பரவாயில்லை.

அம்பாறைத் துண்டு வந்தால் கேள்வியும் கூடவே வரும். கல்முனையில் பெரியம்மா, திருக்கோவிலில் மாமா என்று பாதிப் பிள்ளைகளுக்கு அங்கே உறவு. "பக்கத்திலதானே, ஏன் வேற துண்டு?" 1961 வரைக்கும் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான், பிறகுதான் அம்பாறையைப் பிரித்தார்கள் என்று சொன்னால் இரண்டு துண்டையும் ஒட்டிப் பிடித்துப் பழைய மாவட்டத்தைப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் நாலாம் தரத்தில் போகத் தேவையில்லை.

நூல் விளையாட்டைக் கட்டாயம் செய்து பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு நூலை நேராக இழுத்தால் 22 சென்ரிமீற்றர், அதாவது 220 கிலோமீற்றர். ஆனால் பஸ்ஸில் போனால் 300 கிலோமீற்றரைத் தாண்டிவிடும் என்று போய் வந்த எல்லோருக்கும் தெரியும். மிச்சம் எங்கே போனது? உதயதேவி ரயில் நிற்கிற பெரிய நிலையங்களைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசிக்குப் பதிலாகச் சிப்பி வைத்து நூலை வளைத்தோம். வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்ஓயாச் சந்தி, மாகோ, பொல்காவலை, கம்பஹா. நூல் வடக்காலே ஒரு பெரிய வளைவு எடுத்தது. நேர் நூல் எதற்கு மேலால் போகிறது என்று பார்த்தால் கண்டி. "ரயில் மலைக்குப் பயந்து சுத்திப் போகுது" என்றாள் ஒருத்தி. இதற்கு மேல் நான் என்ன விளக்கம் கொடுக்க?

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் பிளாஸ்ரிக்கில் மலைகள் புடைத்து நிற்கிற படம் ஒன்றும் இருந்தது, பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. பெற்றோர் அதைத்தான் முதலில் தூக்குவார்கள். மத்திய மலைநாடு அதில் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பீதுருதலாகலை 2,524 மீற்றர். எங்கள் படப்புதிரின் கணக்குக்கு அது 2.5 மில்லிமீற்றர். நாட்டின் மிக உயர்ந்த சிகரமே இந்தத் துண்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும்! பிள்ளைகளிடம் நுவரெலியாத் துண்டின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன், "இவ்வளவுதானா?" என்று ஏமாந்து போனார்கள். புடைத்த படம் கூடாது என்று சொல்லவில்லை, மலை எங்கே என்று அது காட்டும். உயரத்தை அதில் நம்ப வேண்டாம்.

எங்கள் கணித சேர் ஒருவர், இதெல்லாம் எதற்கு, போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்கிறார். வாவியை வரைய எனக்கும் போன்தான் உதவியது, மறுக்கவில்லை. தன் வீட்டுக் கூரையைச் செய்மதிப் படத்தில் கண்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் கூரை தெரியும்போது நாடு தெரியாது, நாடு தெரியும்போது கூரை தெரியாது. நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒன்றைப் பிடித்து இழுத்து வாதாடவும் போன் தோதுப்படாது. வீட்டில் ஒரே போன்தான் இருக்கும், அதுவும் பின்னேரம் அப்பா வந்தால்தான் கிடைக்கும்.

புலமைப்பரிசில் புள்ளி இதனால் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: தெரிந்த மாதிரி நடிக்க மாட்டேன், அதற்கென்று இதை வாங்காதீர்கள். அதற்குக் கடந்தகால வினாத்தாள் கட்டு அதே கடையில் பக்கத்துத் தட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு வாங்குவதென்றால் மூன்றாம் தரத்திலிருந்து பொருத்தம். அதைவிடச் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் குமிழை வாயில் வைத்துவிடும், கவனம். இரண்டு, மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், தனியாக ஒரு பிள்ளை வைத்து விளையாடுவதைவிட அது நல்லது. பணம் கொடுக்க முன்னம் கடையிலேயே பெட்டியைத் திறந்து 25 துண்டும் இருக்கிறதா என்று எண்ணுங்கள், மாத்தளைத் துண்டைத் திருப்பித் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். புதிய அச்சு வந்தால் திருத்தித் தரச் சொல்லி மொத்த வியாபாரியிடம் கதைத்திருப்பதாகக் காக்கா சொன்னார். நீங்களும் போய்க் கேட்டால்தான் அது நடக்கும். நீல மார்க்கர் அதே கடையில் 120 ரூபா, அழியாத வகையாகப் பார்த்து எடுங்கள். வெண்பலகைக்கு எழுதுகிற வகையைத் தந்துவிடுவார்கள், வாவி ஒரே நாளில் வற்றிவிடும்.